பெருமாயி வருவதற்குள் தொட்டி பச்சையாக வேண்டும்

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
6.1.2025

ஓம்பிரகாஷ் சாருக்கு,

ஸ்டெல்லா எழுதுகிறேன். எந்த ஸ்டெல்லா என்று கேட்க மாட்டீர்கள். உங்கள் மேல் புகார் எழுதிப் போட்ட அதே நர்ஸ் ஸ்டெல்லாதான். போன வாரம் பதினோரு தடவை போன் போட்டேன். மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. இங்கே சிக்னல் வேண்டுமென்றால் ரேஷன் கடை மேட்டுக்கு ஏற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு தடவை ஏறி இறங்கியதில் என் முட்டி போய்விட்டது. அதனால்தான் கடிதம். நீங்கள் இதைக் கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பிரசவக் காத்திருப்பு அறையில் வைத்து, விட்டுவிட்டுப் போன மீன் தொட்டி செத்துக்கொண்டிருக்கிறது. மீன் ஏழு மிச்சம் இருக்கிறது. செடிகள்தான் சகிக்கவில்லை. இலையெல்லாம் மஞ்சளாகி, ஓட்டை விழுந்து, கூழாகி மிதக்கிறது. கண்ணாடியில் கறுப்பு முடி மாதிரி ஏதோ படர்கிறது. நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் துப்புரவு பார்க்கிற அத்தாயியும் தண்ணீர் முழுவதையும் இறைத்து ஊற்றிவிட்டு, கல்லையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் கொதிக்கிற வெந்நீரில் அலசி, லேபர் ரூம் தரை மாதிரி பளபளவென்று வைக்கிறோம். செவ்வாய்க்கிழமைக்குள் மறுபடியும் நாற்றம்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாற்றலாகிப் போன மறுநாளே அதைத் தூக்கிப் போட ஆள் கூப்பிட்டேன். காத்திருப்பு அறையில் இருந்த நான்கு பெண்களும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலை மறித்துவிட்டார்கள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது புரிகிறது. ரோடு இல்லாத ஊர்களிலிருந்து இந்தப் பெண்களை இரண்டு வாரம் முன்பே வரவழைத்து இங்கே தங்க வைக்கிறோம். கட்டில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். ஆனால் தங்க மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் இருந்த வரைக்கும் தங்கினார்கள். தொட்டி கெட்டுப் போன பிறகு, தீபாவளியிலிருந்து இன்றைக்குள் ஐந்து பேர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் ஐந்தும் நல்லபடியாக முடிந்தது.

ஆறாவதாக ஒருத்தி இருக்கிறாள். பைல் நாட்டுப் பெருமாயி. கணவர் மாணிக்கம், மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஒற்றையடிப் பாதை. பிப்ரவரி கடைசியில் நாள் குறித்திருக்கிறோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டரை தாண்டவில்லை. முதல் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியிலேயே பறிகொடுத்தவள் என்று அத்தாயி சொன்னாள். இவள் வீட்டில் இருக்கவே கூடாது சார். நேற்று செக்கப்புக்கு வந்தபோது கெஞ்சிப் பார்த்தேன். அவள் சொன்னது இது:

“வெள்ளைச் செவுத்தையே பாத்துட்டு வாரக்கணக்கா உக்காந்திருக்க என்னால ஆவாதுங்க சிஸ்டர். போன தடவயும் அதாங்க. பச்சையா எதையாச்சும் பாத்தாத்தான் எனக்கு மூச்சே வரும்.”

அவள் வருவதற்குள் அந்தத் தொட்டி பச்சையாக வேண்டும். எப்படி என்று எழுதுங்கள். புகார் எழுதியதற்கு என்னைத் திட்ட வேண்டுமென்றால் அதே கடிதத்தில் திட்டிக்கொள்ளலாம்.

ஸ்டெல்லா

*

ராசிபுரம்
11.1.2025

சிஸ்டர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். நடுவில் பெருமாயி என்ற பெயர் கண்ணில் பட்டது. ஆகவே எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை.

திட்டலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘ஆஸ்பத்திரிக்குள் தேங்கிய நீர், கொசு உற்பத்தியாகும் அபாயம்’ என்று எழுதினீர்களே, கொசுப் புழுவைத் தின்பதற்கென்று கிணறு கிணறாகக் கப்பி மீன் விடுவது யார்? நம் இலாகாதான். அந்தத் தொட்டியில் இருப்பதும் அதே கப்பிதான். ஒரு கொசு பிறந்ததைக் காட்டியிருந்தால் நானே தொட்டியை உடைத்திருப்பேன். எனக்கு ஒரு மெமோ, அப்புறம் ஒரு மாற்றல் உத்தரவு. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இத்துடன் திட்டு முடிந்தது.

நீங்கள் தொட்டியைச் சுத்தம் செய்யவில்லை சிஸ்டர், ஸ்டெரிலைஸ் செய்திருக்கிறீர்கள். லேபர் ரூமில் கிருமி இருக்கக் கூடாது. தொட்டியில் கிருமி இருந்தே ஆக வேண்டும். மீனின் கழிவைச் செடிக்குச் சாப்பாடாக மாற்றிக் கொடுப்பது அந்தக் கிருமிதான். அது கல்லிலும் பஞ்சிலும்தான் குடியிருக்கிறது. நீங்கள் வாரா வாரம் அதன் வீட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறீர்கள். செடி எப்படி வளரும்?

முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கடையில் எதுவும் வாங்காதீர்கள். செடிக்குக் கார்பன்-டை-ஆக்சைடு கேஸ் சிலிண்டர் வேண்டும், பாட்டில் உரம் வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து அடிக்காத நெல் வயலில் ஒரு வாளி மண் எடுங்கள். காய்கறித் தோட்டத்து மண் வேண்டாம், அதில் எரு இருக்கும். தண்ணீரில் கரைத்து, மிதக்கிற சருகையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, அடியிலே இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். அதற்கு மேல் அலசிய ஆற்று மணல் இரண்டு விரல். தண்ணீர் ஊற்றும்போது மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சேறாகிவிடும். மேல் டேங்க்கில் நீங்கள்தானே பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறீர்கள். அதனால் வாளியில் பிடித்துத் திறந்து வைத்து, ஒரு நாள் கழித்து ஊற்றுங்கள்.

செடிக்கு அத்தாயியைக் கூட்டிக்கொண்டு அர்த்தனாரி வயலுக்குப் போங்கள். வடிகால் வாய்க்காலில் நீர்ப்பிரம்மி கிடைக்கும். பக்கத்திலேயே சின்ன இலையும் சிவப்புத் தண்டுமாக இன்னொன்று இருக்கும், அதையும் அள்ளுங்கள். நிறைய நட வேண்டும். நட்ட முதல் வாரத்தில் பழைய இலை உதிரும். பதறாதீர்கள். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். நீங்கள் பிடுங்கிப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி. வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றலாம். பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து வைத்தால் போதும்.

தை மாசக் குளிரில் மெதுவாகத்தான் வரும். ஐந்து வாரம் போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் வருவதற்குள் வந்துவிட வேண்டும்.

ஓம்பிரகாஷ்

*

திண்ணனூர் நாடு
23.1.2025

சாருக்கு,

முதலில் நன்றி. இரண்டாவது, நான் பிடுங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு செடி. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பொங்கல் லீவில் அத்தாயியும் நானும் அர்த்தனாரி வயலில் இறங்கினோம். நான் வெள்ளைப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் நின்றதை ஊரே வேடிக்கை பார்த்தது. அர்த்தனாரி வரப்பில் நின்றுகொண்டு, “ஏனுங்க சிஸ்டர், ஆஸ்பத்திரியில மாடு கீடு வளக்கறீங்களா?” என்று கேட்டார். ஒரு கூடை அள்ளினோம். மண், மணல், தட்டு, ஆறவைத்த தண்ணீர், எல்லாம் நீங்கள் எழுதிய வரிசைப்படிதான். கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு செய்தேன். பழைய இலைகள் உதிர்ந்தன. பதறவில்லை. ஐந்தாம் நாள் ஒரு தண்டின் நுனியில் அரிசி அளவுக்குப் புது இலை. அத்தாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது வருஷ சர்வீசில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான், ஒரு இலைக்கு அப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லக் கை வரவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

புது இலையெல்லாம் வெளிறிப்போய் வந்தது சார். நரம்பு மட்டும் பச்சை. வெளிறிய எதைப் பார்த்தாலும் எனக்கு என்ன தோன்றும்? கீழ் இமையை இழுத்துப் பார்க்கத் தோன்றும். இரும்புச் சத்துக் குறைவு என்று நானே முடிவு கட்டினேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு மாத்திரை மூன்றைப் பொடி செய்து தொட்டியில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் தண்ணீர் டீக்கடைப் பாய்லர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மீன் செத்துவிட்டது. வலது பக்கத்துச் செடி முழுக்கத் துரு படிந்து கருகிவிட்டது. இடது பக்கம் மட்டும் உயிரோடு இருக்கிறது. அத்தாயி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “மீனுக்குக் குளுக்கோசு ஏத்தீருங்க சிஸ்டர், அது ஒண்ணுதான் பாக்கி” என்றாள்.

அன்றைக்குத்தான், என்னைத் திட்டுகிற சாக்கில், அவள் வேறொன்றையும் சொன்னாள். அந்தத் தொட்டி உங்கள் பொழுதுபோக்கு என்று நான் நினைத்திருந்தேன். பெருமாயியின் முதல் குழந்தை போன மறுவாரம் நீங்கள் சேலத்துக்குப் போய் அந்தக் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் பஸ்ஸில் ஏறி வந்தீர்கள் என்று அத்தாயி சொல்லித்தான் தெரியும். இந்தப் பெண்கள் தங்குவதற்காகத்தான் அதை வைத்தீர்களாம். ஏன் சார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? மெமோவுக்குப் பதில் எழுதும்போதாவது சொல்லியிருக்கலாமே?

மன்னிக்க வேண்டும். இந்த இரண்டு வார்த்தையை மூன்று தடவை எழுதி அடித்தேன். நான்காவது தடவை விட்டுவிட்டேன்.

இனி என்ன செய்ய வேண்டும்? மூன்று வாரம்தான் இருக்கிறது.

ஸ்டெல்லா

*

ராசிபுரம்
29.1.2025

சிஸ்டருக்கு,

மலையை விட்டுக் கீழே வந்ததிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை. நேற்று மருந்து ஜன்னலில் நின்றுகொண்டு உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “என்னங்க, சம்பளம் ஏறிருச்சுங்களா?” என்று கேட்டுவிட்டார். ஒரு தாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று எழுதியிருக்கிற மாத்திரை சிஸ்டர் அது! தொட்டிக்கு மூன்றா?

உங்கள் கணிப்பு தப்பில்லை, வைத்தியம்தான் தப்பு. அடியில் போட்ட வயல் மண்ணில் அதற்கு வேண்டிய இரும்பு இருக்கிறது. வேர் மணலைத் தாண்டி மண்ணைத் தொட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை வெளிறித்தான் இருக்கும். நான்கு நாளைக்குத் தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கருகியதை வெட்டி எடுத்துவிடுங்கள். மறுபடி எதையும் கரைத்து ஊற்றாதீர்கள்.

அந்தக் கறுப்பு முடியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் இருந்தபோது அது வந்ததில்லை. ஒன்று கேட்கிறேன். மத்தியானம் கரண்ட் போனால் இப்போது என்ன ஆகிறது? அத்தாயியின் தங்கை இங்கே மருந்து வாங்க வந்தபோது, உங்கள் முயற்சியில் ஆஸ்பத்திரிக்கு இன்வெர்ட்டர் வந்துவிட்டது என்றாள். அதுதான் சிஸ்டர் காரணம். முன்பு தினமும் பன்னிரண்டு மணிக்குப் போகிற கரண்ட் மூன்று மணிக்குத்தான் வரும். தொட்டி விளக்கும் அணைந்து கிடக்கும். சிலிண்டர் இல்லாத தொட்டியில் செடி மூச்சு வாங்குகிற கார்பன்-டை-ஆக்சைடு காலையிலேயே தீர்ந்துவிடும். விளக்கு அணைந்த நேரத்தில்தான் அது மறுபடி ஊறும். இப்போது உங்கள் இன்வெர்ட்டர் புண்ணியத்தில் விளக்கு நாள் முழுக்க எரிகிறது. செடிக்கு மூச்சு இல்லை, வெளிச்சம் மட்டும் இருக்கிறது, பாசிக்குக் கொண்டாட்டம். நான் ஏதோ என் கைராசி என்று நினைத்திருந்தேன். கரண்ட்காரர்தான் என் தொட்டியை வளர்த்திருக்கிறார். காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் போதும். நடுவில் அணைத்துவிடுங்கள்.

அத்தாயி சொன்னது பாதிதான். மீதியை அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

இருபத்திரண்டாம் வருஷம் புரட்டாசி. நர்ஸ் போஸ்ட் காலி, டாக்டர் மீட்டிங்குக்குக் கீழே போயிருந்தார். நான் மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். காத்திருப்பு அறையில் தங்கியிருந்த பெருமாயி துணி மூட்டையோடு ஜன்னலில் வந்து நின்றாள். “சார், ஊட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வர்ற திங்கக்கிழமை வந்தர்றேனுங்க” என்றாள். நான் நிமிரவில்லை. “சரி, வந்துருங்க” என்றேன். எண்ணிக்கை விட்டுப் போய்விடும் என்று நிமிரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி கண்டிருக்கிறது. போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்தது. ஆண். அழவில்லை. செய்தி கேட்டு நான் எதிரே ஓடினேன். பாதையோரப் பலா மரத்தடியில் அவளை இறக்கி வைத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் நான் போக விட்டிருக்க மாட்டேன் சிஸ்டர். இதை மெமோவுக்கான பதிலில் எந்த இடத்தில் எழுதுவது?

அவளை எப்படியாவது தங்க வையுங்கள்.

ஓம்பிரகாஷ்

*

திண்ணனூர் நாடு
17.2.2025

அன்புள்ள சாருக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதுவதற்கு ஒரு நல்ல செய்தியாவது கிடைக்கட்டும் என்று இருந்தேன். கிடைத்துவிட்டது. கேளுங்கள்.

பன்னிரண்டாம் தேதி மாணிக்கம் பெருமாயியைக் கொண்டுவந்து விட்டார். இரண்டு நாள் இருக்கிறேன், அதற்கு மேல் ஆகாது என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். தொட்டி தயாராகவில்லை. நீங்கள் சொன்னபடி மத்தியானம் விளக்கை அணைத்ததில் பாசி நின்றுவிட்டது. இடது பக்கம் நன்றாக எழும்பி, தண்டெல்லாம் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுச் சாய்ந்துவிட்டது. ஆனால் வலது பக்கம் வெறும் மணல். சொட்டைத் தலை மாதிரி இருந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஒரு மாசப் பாடு இவ்வளவுதானா என்று, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணியைப் போட்டுத் தொட்டியை மூடிவிட்டேன்.

பெருமாயி வந்த அரை மணி நேரத்தில் துணியை இழுத்துவிட்டாள். “மூடி வெச்சா வெளிச்சம் எப்படிங்க போவும்?” என்றாள். அப்புறம் குனிந்து உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், வயிறு குலுங்கியதில் எனக்கே பயமாகப் போய்விட்டது. “அட சாமி! இது எங்க வயக்காட்டுக் களையுங்க. இதப் புடுங்கிப் புடுங்கித்தான் எனக்கு இடுப்பு போச்சு. இதுக்கா கண்ணாடி மாளிகை கட்டி வெச்சிருக்கறீங்க?”

தப்பு செய்துவிட்டோம், இவள் நாளைக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கிளம்பவில்லை. அடுத்த கேள்வி கேட்டாள்.

“யாருங்க நட்டது இதை?”

“நானும் அத்தாயியும்.”

“நாத்தை இப்படியா கத்தை கத்தையாச் சொருகுவாங்க? ஒண்ண ஒண்ணு நெருக்கி அழுவிப் போவுமுங்க. இந்தப் பக்கம் வெறும் நிலமா வேற போட்டு வெச்சிருக்கறீங்க.”

வளையலை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். நான் குறுக்கே விழுந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்தேன். பிறகு கையை உள்ளே விட்டு, நீண்டு சாய்ந்திருந்த தண்டுகளின் நுனியைக் கணுவுக்குக் கீழே கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். ஒவ்வொன்றையும் கட்டை விரலால் மணலுக்குள் அழுத்தி, பின்பக்கக் கண்ணாடியிலிருந்து முன்னால் பார்த்து வரிசை வரிசையாக நட்டுக்கொண்டே வந்தாள். நெல் நடவு நடுகிற அதே கை. கால் மணி நேரத்தில் பாதி சொட்டை மறைந்துவிட்டது. கிள்ளிய அடித்தண்டில் இரண்டு பக்கமும் கிளைக்கும் என்றாள். நீங்கள் எழுதாத ஒரே விஷயம் அது!

மூன்றாம் நாள் மூட்டையைக் கட்டினாள். தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, “இன்னம் வேரு புடிக்கலீங்க. நட்டுப்போட்டு அப்படியே போறதுக்கு மனசு வரல. நாலு நாளு பாத்துட்டுப் போறேன்” என்று மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இன்றைக்கு ஆறாம் நாள். வேர் பிடித்துவிட்டது. இப்போது முதல் வரிசைக்கு முன்னால் இன்னும் ஒரு வரிசைக்கு இடம் இருக்கிறது என்கிறாள். மற்ற மூன்று பெண்களும் அவளைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த நுனியைக் கிள்ளலாம், எதை விடலாம் என்று ஒரே சண்டை.

தொட்டியை நிறைத்துக் கொடுத்தால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன் சார். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவளுக்கு உட்கார்ந்து பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல வேளை, அந்த மூன்று மாத்திரையை நான் போட்டேன்.

இந்தத் தொட்டியை வைத்தது யார் என்று கேட்டாள். மருந்துக்கார சார் என்றேன். கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. மிச்சம் இருந்த நுனிகளை நடாமலே போய்ப் படுத்துக்கொண்டாள். நீங்கள் எழுதியதை அவளிடம் சொல்லட்டுமா?

ஸ்டெல்லா

*

ராசிபுரம்
21.2.2025

அன்புள்ள சிஸ்டருக்கு,

இந்தக் கடிதம் சின்னதுதான். உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். நுனி கிள்ளி நடுவதை எழுத மறந்தது என் தப்பு. நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. அவள் கால் மணி நேரத்தில் செய்துவிட்டாள்.

ஒரு மூலையை எப்போதும் காலியாகவே வைத்திருங்கள். அடுத்து வருகிற பெண்ணுக்கும் நடுவதற்கு இடம் வேண்டும்.

பிரசவம் முடிகிற வரை என்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அவள் மனசு அந்தப் பாதைக்குப் போகக் கூடாது. முடிந்த பிறகு சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். என்னைத் திட்டினால் அதை அப்படியே எழுதுங்கள், நாகரிகம் பார்த்துக் குறைத்து எழுத வேண்டாம்.

ஜன்னலில் யார் வந்து நின்றாலும் இப்போது முதலில் முகத்தைப் பார்க்கிறேன். இங்கே இருக்கிறவர்கள் இதனால் வரிசை நகர்வதில்லை என்று சொல்கிறார்கள். சொல்லட்டும்.

பிரசவத் தேதியைக் கேட்டு நானே போன் செய்தேன். உங்களுக்குச் சிக்னல் இல்லை.

ஓம்பிரகாஷ்

*

திண்ணனூர் நாடு
2.3.2025

அன்புள்ள சாருக்கு,

பெண் குழந்தை. இருபத்தைந்தாம் தேதி காலை பத்தே கால். இரண்டு கிலோ எழுநூறு. பிறந்ததும் போட்ட சத்தத்தில் அர்த்தனாரி வயலிலிருந்து எட்டிப் பார்த்தார். முதலில் இதை எழுதிவிட்டேன், மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்து பத்து நிமிஷத்தில் பெருமாயிக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, டாக்டரும் நானும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு மணி நேரம். ஆண்டவரே, ஆண்டவரே என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனாம், எனக்கு நினைவில்லை. நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே கீழேயிருந்து ரத்தம் வரவழைத்து ஏற்றினோம். இப்போது நன்றாக இருக்கிறாள், கேப்பைக் களி கேட்டுச் சண்டை போடுகிறாள். ஒன்றரை மணி நேரப் பாதையில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் பதின்மூன்று நாள் இங்கே தங்கினாள் சார். தங்கினதால் பிழைத்தாள். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? உங்களை இங்கிருந்து அனுப்பியவள் நான். நான் கேட்டதும் பதில் எழுதியவர் நீங்கள். இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். மேலதிகாரிக்கு என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். அதனால் உத்தரவு மாறுமா என்று தெரியாது. என் கையெழுத்தில் அது இருக்கட்டும்.

நேற்று குழந்தை தூங்கும்போது பெருமாயியிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். புரட்டாசியில் நடந்தது முழுவதும். குறைத்து எழுத வேண்டாம் என்றீர்கள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவரு மேல என்னங்க தப்பு? நான்தானுங்க அவருகிட்டப் பொய் சொன்னேன். திங்கக்கிழமை வந்தர்றேன்னு சொன்னேன், வர்ற எண்ணமே எனக்கு இல்லீங்க. ஊட்டுலயே பெத்துக்கலாம்னுதான் போனேன். அவரு நம்பிட்டாரு. அன்னிக்கு அந்தப் பலா மரத்துக்கிட்ட அவரு மூச்சு வாங்க ஓடியாந்து நின்னப்ப, ‘ஏமாத்திப்போட்டேனே இந்த மனுசன’னு நெனச்சேன். வாயத் தொறக்கல. ரெண்டு வருசமா நெஞ்சுல கல்லாட்டம் கிடக்குதுங்க சிஸ்டர். பொய் சொன்னதுக்குத்தான் சாமி புள்ளயத் தூக்கிருச்சுன்னு நெனச்சேன். இந்தத் தடவ நான் சொன்னபடி தங்கிட்டேன்னு அவருகிட்டச் சொல்லீருங்க.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான். அத்தாயி மட்டும் அழாமல், மத்தியானம் ஆகிவிட்டது என்று போய்த் தொட்டி விளக்கை அணைத்தாள்.

அவளுக்கு ஏதாவது எழுதுவீர்களா? அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் வந்து அழைத்துப் போகிறார், அதற்குள் கடிதம் கிடைத்தால் நல்லது.

நன்றியுடன்,
ஸ்டெல்லா

*

ராசிபுரம்
5.3.2025

அன்புள்ள ஸ்டெல்லா சிஸ்டருக்கு,

உங்கள் கடிதம் மத்தியானம்தான் வந்தது. தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது என்று, மேலே வருகிற மருந்து ஜீப்பில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி நிறைய இருக்கிறது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் நேரில் வந்து சொல்கிறேன். கீழே இருப்பதை மட்டும் பெருமாயிக்குப் படித்துக் காட்டுங்கள். நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

பெருமாயி அம்மா,

மருந்து கொடுக்கிற ஓம்பிரகாஷ் எழுதுகிறேன். நீங்களும் குழந்தையும் நன்றாக இருப்பது கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. தங்கினீர்களே, அதற்கு என் மனசார நன்றி.

என்னிடம் பொய் சொன்னதாகச் சிஸ்டரிடம் சொன்னீர்களாம். நீங்கள் போகும்போது என்ன நினைத்தீர்களோ, அது எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னது திங்கட்கிழமை. வலி வந்ததும் நீங்கள் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. எங்களை நம்பி ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டீர்கள். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துகொண்டிருந்தீர்கள் அம்மா.